பொன் நிலா யாருக்குச் சொந்தம்?

அன்பு நண்பர்களே, தோழிகளே, சாப்பாட்டு பெல் அடிச்ச பிறகும் இந்தச் சுவர் முன்னாடி நின்னு படிக்கிற வாசகப் பெருமக்களே!

போன மாத இதழில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்: "பழைய மெலடி பாட்டெல்லாம் தூக்க மாத்திரை. அதைப் பெரியவங்களுக்கு விட்டுடலாம். வட சென்னைன்னா கானா, குத்து. அதுதான் நம்ம அடையாளம்." கையெழுத்து முத்து முத்தா இருந்தது. கருத்தைத்தான் என்னால ஏத்துக்க முடியல. அதனால இந்த மாதம் இந்த இடத்தை ஆசிரியர் குழுகிட்ட கேட்டு வாங்கி நான் எழுதுறேன்.

ஒரே ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கிறேன். 'என் இனிய பொன் நிலாவே'. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இப்பவே மனசுக்குள்ள அந்த கிதார் கேட்டிருக்கும். அதுதான் என் முதல் சாட்சி! நாம யாரும் பிறக்காத காலத்துப் பாட்டு. நம்மில் நிறையப் பேரோட அப்பா அம்மாவே அப்போ கைக்குழந்தைங்க. ஆனாலும் தெரியும். எப்படி?

பாட்டின் ஜாதகம்

படம் 'மூடுபனி'. 1980 நவம்பர் 7, தீபாவளி அன்று வெளியானது. இயக்கியவர், ஒளிப்பதிவும் செய்தவர் பாலு மகேந்திரா. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் பிறந்தவர். இசை இளையராஜா. அவருக்கு இது 100-வது படம். 1976-ல் 'அன்னக்கிளி'யில் ஆரம்பித்தவர் நாலே வருஷத்தில் நூறைத் தொட்டுவிட்டார். பாட்டு எழுதியவர் அவருடைய தம்பி கங்கை அமரன். பாடியவர் கே.ஜே. யேசுதாஸ். திரையில் கிதாரோடு பாடுபவர் பிரதாப் போத்தன். கேட்பவர் ஷோபா.

இதுல சிலர் இன்று இல்லை. ஷோபா 1980 மே மாதமே, படம் வெளிவருவதற்கு முன்னாடியே, 17 வயதில் காலமானார். நம்ம பிளஸ் டூ அக்காக்கள் வயசு. பாலு மகேந்திரா 2014-ல் மறைந்தார். பிரதாப் போத்தன் 2022-ல் மறைந்தார். பாட்டுக்கு மட்டும் ஒண்ணும் ஆகல.

சரி, இனி காரணத்துக்கு வருவோம்.

காரணம் 1: அது சத்தம் போடாது

நம்ம ஊர்ல எதெல்லாம் சத்தம்? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி. ஹார்பரில் கப்பல் ஊதுறது. கம்பெனி சங்கு. கூட்ஸ் வண்டி. பக்கத்து வீட்டு டி.வி. மாசி மாசம் ஸ்பீக்கர் செட். திருவொற்றியூர்ல 1955-லேர்ந்து புல்லட் வண்டி செஞ்ச ஊர் நாம. நமக்கு சத்தத்தைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்!

இந்தப் பாட்டு எப்படி ஆரம்பிக்குது? தனியா ஒரு கிதார். கும்பலா தாளம் இல்ல, "வந்துட்டேன் பார்" என்கிற அலட்டல் இல்ல. அதுக்கப்புறம் யேசுதாஸ் குரல். அவர் நினைத்தால் மைக் இல்லாமலே மண்டபத்தை நிறைக்கிற குரல் அது. ஆனா இந்தப் பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிற அளவில்தான் பாடுகிறார். பெரிய குரல் தன்னை அடக்கிக்கிட்டுப் பேசும்போது நாம் தானாகவே காது கொடுக்கிறோம். வகுப்பில் கத்துகிற ஆசிரியரைவிட மெதுவாகப் பேசுகிற ஆசிரியர் முன்னாடி நாம அமைதியா இருப்போமே, அது மாதிரி.

எங்க அப்பா ட்ரெய்லர் லாரி டிரைவர். ஜீரோ கேட் பக்கம் லோடோட வரிசையில நின்னா எப்ப உள்ள போவோம்னு சொல்ல முடியாது. ஒரு காலத்துல நாள் கணக்கா நின்னிருக்காங்க. அவர்கிட்ட இந்தக் கட்டுரைக்காகக் கேட்டேன். அவர் சொன்ன பதில்: "வண்டி ஓடும்போது குத்துப் பாட்டு வேணும்மா, தூக்கம் வராது. வண்டி நிக்கும்போது ராஜா பாட்டு வேணும். இல்லன்னா கோவம் வரும்."

இதைவிட நல்லா நான் எழுத முடியாது. குத்துப் பாட்டு வேண்டாம்னு நான் சொல்லல. ஓடுறதுக்கு ஒரு பாட்டு, நிக்கிறதுக்கு ஒரு பாட்டு. நம்ம ஏரியால ஜனங்க ஓடுறது மட்டுமா செய்றாங்க? கேட்டுல நிக்கிறாங்க, ரேஷன் கடையில நிக்கிறாங்க, தண்ணி லாரிக்கு நிக்கிறாங்க, படகு வர்ற வரைக்கும் காசிமேட்டுல நிக்கிறாங்க. நிக்கிற நேரம்தான் ஜாஸ்தி! அப்போ நிக்கிற பாட்டும் நம்ம பாட்டுதானே?

காரணம் 2: கிதாரும் நம்முடையது, ராகமும் நம்முடையது

1970-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 'சாஃப்ட் ராக்' என்று ஒரு வகைப் பாட்டு பெரிய பெயர் வாங்கியது. ராக் இசையின் கிதார் இருக்கும், அதன் ஆவேசம் இருக்காது. பிரெட் என்று ஒரு குழு. கார்பென்டர்ஸ் என்று ஒரு அண்ணனும் தங்கையும். எரிக் கிளாப்டன் மாதிரி கிதாரில் புயல் கிளப்பியவரே 1977-ல் 'வொண்டர்ஃபுல் டுநைட்' என்று மெதுவாக ஒரு காதல் பாட்டு போட்டார். அங்கேயும் அந்தப் பாட்டுகளை இன்னும் கல்யாண வீட்டில் போடுகிறார்கள்.

நம்ம பொன் நிலாவும் அந்தக் குடும்பம்தான். ஆனா காப்பி கிடையாது. இளையராஜா மற்ற இசையமைப்பாளர்களுக்கு கிதார் வாசித்து சம்பாதித்தவர். சலில் சௌத்ரிக்கே வாசித்திருக்கிறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தவர். அதற்கு முன்னாடி அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்தவர். இந்த மூணும் ஒரே ஆளுக்குள்ள இருந்ததால என்ன ஆச்சு? இந்தப் பாட்டு நடபைரவி ராகத்தில் இருக்கிறது என்று இசை தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நடபைரவி 72 மேளகர்த்தாக்களில் 20-வது. அதே ஏழு சுரங்களை மேற்கத்திய இசையில் 'நேச்சுரல் மைனர்' என்பார்கள். சோகமும் ஆசையும் கலந்த ஒரு நிறம் அதுக்கு உண்டு. அதாவது, கிதார் படித்தவன் காதுக்கு அது மைனர் ஸ்கேல். கச்சேரி கேட்டவர் காதுக்கு அது நடபைரவி. ரெண்டும் தெரியாத எங்க ஆயா காதுக்கு, "ஏதோ பண்ணுதுடி இந்தப் பாட்டு."

ஒரே வீட்டுக்கு மூணு வாசல். யார் வேணும்னாலும் எந்த வாசல் வழியாவும் உள்ளே வரலாம். அப்படிப்பட்ட வீடு காலியாவே இருக்காது.

"கிதாரெல்லாம் நம்ம ஏரியா விஷயமா?" என்று கேட்பவர்களுக்கு: 1856-ல் ரயில் வந்த ராயபுரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் வீட்டில் கிதார் இருந்தது. சர்ச் பாட்டுக் குழுவில் இன்றும் இருக்கிறது. கல்யாண மண்டப மெல்லிசைக் குழுவில் இருக்கிறது. கானா நம் மண்ணில் பிறந்த சொத்து, சந்தேகமே இல்லை. அதுக்காக மத்த எல்லாத்தையும் "அது வேற ஏரியா ஆளுங்களுக்கு" என்று நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா? வெளியில இருக்கிறவங்க "வட சென்னையா? ரவுடிசம், கானா, அவ்ளோதான்" என்று சொல்லும்போது நமக்குக் கோவம் வருது இல்ல? அதையே நாம ஏன் நம்ம சுவர்ல எழுதணும்?

காரணம் 3: நிலாவுக்கு அட்ரஸ் கிடையாது

சில காதல் பாட்டுகளில் ஊர் பேர் வரும், உடை வரும், செல்போன் மாடல் வரும். கேட்க ஜாலியா இருக்கும். அந்த செல்போன் பழசானதும் பாட்டும் பழசாயிடும். இந்தப் பாட்டில் கூப்பிடுவதே நிலாவை. நிலா ஊட்டியிலும் ஒண்ணுதான், காசிமேட்டிலும் ஒண்ணுதான். நம்ம ஊர் மீனவர்களுக்கு நிலா வெறும் அழகு கிடையாது, கணக்கு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏத்தம் இறக்கம் ஜாஸ்தி என்பது அவர்களுக்குப் பாடப் புத்தகம் படிக்காமலே தெரியும். கிதாரைக் கையில் தொடாதவங்களுக்கும் நிலாவோடு சொந்தமாக ஒரு பழக்கம் இருக்கு. கேட்கிறவர் அவரவர் நிலாவை உள்ளே வெச்சுக்கிறார். பாட்டு அதுக்கு இடம் விட்டு வைக்குது.

பாட்டு மாத்தி மாத்தி எத்தனை சாமானில் குடியிருந்தது பாருங்கள். முதலில் இசைத்தட்டு. பிறகு 60, 90 கேசட்டில் பேப்பரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தார்கள். பிறகு சி.டி., எஃப்.எம்., ரிங்டோன், மெமரி கார்டு, இப்போது யூடியூப். தண்டையார்பேட்டையில் 1967-ல் திறந்த அகஸ்தியா தியேட்டரே 2020-ல் மூடிப் போச்சு. தியேட்டர் போச்சு, கேசட் கடை போச்சு. பாட்டு வீடு மாறி மாறி இன்னும் இங்கேயே வாடகைக்கு இருக்கு!

"எல்லாம் பெரியவங்க பழைய நினைவு, வேற ஒண்ணும் இல்ல" என்று சிலர் சொல்லலாம். அப்படின்னா 1980-ல் வந்த எல்லாப் பாட்டும் இன்னும் இருக்கணுமே? அந்த வருஷம் வந்த பாட்டுகளில் எத்தனையோ இன்று எங்க அப்பாவுக்கே ஞாபகம் இல்ல. நமக்கு 1980-ஐப் பத்தி நினைவே கிடையாது. நமக்கு ஏன் பிடிக்கணும்? பழைய நினைவு ஒரு பாட்டை ஒரு தலைமுறை வரைக்கும்தான் சுமக்கும். அதுக்கப்புறம் பாட்டு தன் சொந்தக் காலில் நடக்கணும். இது நடக்குது.

இப்போ ஒரு அதிர்ச்சி!

இதுவரைக்கும் படிச்சவங்க "சரி, நல்ல காதல் பாட்டு, அதான் நிக்குது" என்று கிளம்பிடாதீங்க. விஷயமே இனிமேதான்.

உங்களில் எத்தனை பேர் 'மூடுபனி' படத்தைப் பார்த்திருக்கீங்க? பாட்டைக் கேட்டவர்களில் நிறையப் பேர் படம் பார்த்ததில்லை. கதை இதுதான். நாயகன் சந்துரு சின்ன வயசில் அப்பா அம்மாவைக் கொடுமை செய்வதைப் பார்த்து மனம் கெட்டுப்போனவன். பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் கொல்கிறவன். ரேகா என்ற பெண்ணுக்கு வேறு ஒருவரோடு கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது. சந்துரு அவளைக் கடத்திக்கொண்டு போய் ஊட்டியில் தன் வீட்டில் வைத்திருக்கிறான். அந்தச் சந்துருதான் கிதாரை எடுத்து, அந்த ரேகா முன்னால், இந்தப் பாட்டைப் பாடுகிறான்.

ஆமாம் நண்பர்களே. தமிழில் இவ்வளவு மென்மையான காதல் பாட்டு, படத்தில் ஒரு கொலைகாரன் தான் கடத்தி வந்த பெண்ணிடம் பாடுவது!

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்வது? பாட்டை வெறுக்கணுமா? நான் ரெண்டு நாள் இதையே யோசிச்சேன். எனக்குத் தோன்றியதைச் சொல்றேன்.

பாலு மகேந்திரா தெரிந்துதான் செய்திருக்கிறார். கெட்டவன் என்றால் கர்ண கொடூரமாகச் சிரிப்பான் என்று மற்ற படங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன. இவர், கெட்டவன் நல்ல குரலில் பாடவும் செய்வான் என்று காட்டினார். குரல் இனிமையாக இருக்கிறது, கிதார் இனிமையாக இருக்கிறது. ஆனால் அவளுக்கு எழுந்து வெளியே போக முடியாது. அந்த ஒரே காரணத்தால் அந்த வீட்டுக்குள் அது காதல் பாட்டாக இருக்க முடியவில்லை.

அப்புறம் அந்தப் பாட்டு தியேட்டரை விட்டு வெளியே வந்தது. ஜனங்கள் அதை அந்த வீட்டிலிருந்து மீட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன். ரேடியோவில் கேட்டவர்களுக்கு சந்துரு தெரியாது, கடத்தல் தெரியாது. அவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் லாரியில், தங்கள் மனசுக்குப் பிடித்தவரை நினைத்துப் பாடினார்கள். 45 வருஷமா இத்தனை பேர் நல்லபடியாகப் பாடிப் பாடியே அந்தப் பாட்டு நல்ல பாட்டாக ஆகியிருக்கிறது.

பஸ் ஸ்டாப்பும் பந்தியும்

ரெண்டு உதாரணம் சொல்றேன். ரெண்டுலயும் பாட்டு இதே பாட்டுதான்.

முதல் உதாரணம். சாயங்காலம் ஸ்கூல் விட்டு நாங்க தோழிகள் பஸ் ஸ்டாப்பில் நிக்கிறோம். நாலு பசங்க (எந்த ஸ்கூல், எந்த காலேஜ் என்று எழுத மாட்டேன்) பைக்கில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்த்து இந்தப் பாட்டைப் பாடுறாங்க. குரல் ஒண்ணும் மோசமில்ல. தாளம்கூட சரியா இருந்துச்சு. எங்களுக்குக் காது கூசியது. பஸ் வர்ற வரைக்கும் நாங்க எங்கே போவோம்? நடந்தா பின்னாடி வருவாங்க. நின்னா பாட்டு முடியாது. வீட்டில் சொன்னா "இனிமே தம்பிகூட போ" என்பார்கள், இல்லேன்னா "படிச்சது போதும்" என்பார்கள். பாடினவனுக்கு அஞ்சு நிமிஷ ஜாலி. எங்க தோழி ஒருத்தி ஒரு வாரம் ஸ்கூலுக்கே வரல. பசங்களே, அந்த பஸ் ஸ்டாப் உங்களுக்குத் திறந்த வெளி. எங்களுக்கு அது ஊட்டி பங்களா.

ரெண்டாவது உதாரணம். எங்க சொந்தக்கார மாமா ஒருத்தருக்கு 25-வது கல்யாண நாள். சின்ன மண்டபம். மாமா மெல்லிசைக் குழுகிட்ட மைக்கை வாங்கி இதே பாட்டை ஆரம்பிச்சார். சுருதி எங்கேயோ, மாமா எங்கேயோ! அத்தை மூஞ்சி சிவந்துபோய், "முதல்ல பந்தியைப் பார்க்கணும், உனக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போயிட்டாங்க. மாமா நிறுத்தல. சிரிச்சுக்கிட்டே பாடினார். ரெண்டாவது சரணத்துல பார்த்தா, அத்தை கையில் சாம்பார் வாளியோட சமையல்கட்டு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க.

நல்லாப் பாடின பசங்க பாட்டு எங்களுக்கு பயமா இருந்துச்சு. சுருதி இல்லாத மாமா பாட்டு காதல் பாட்டா இருந்துச்சு. ஏன்? அத்தையால் எழுந்து போக முடிந்தது. போனாங்க. போன பிறகு தானாகத் திரும்பி வந்தாங்க. என் கருத்து இவ்வளவுதான்: கேட்கிறவர் எழுந்து போக முடிகிற இடத்தில் பாடினால்தான் அது காதல் பாட்டு. வழியை அடைச்சு நின்னு பாடினா, யேசுதாஸே வந்து பாடினாலும் அது வேற.

அதனால்தான் மென்மையான பாட்டுகள் நம்ம ஸ்கூலில் கேட்கணும் என்று சொல்கிறேன். "காதல் பாட்டு பாடினா பிள்ளைங்க கெட்டுப்போயிடும்" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்த பயம் எங்களுக்குப் புரியுது. ஆனா ஒளிஞ்சு கேட்கிற பாட்டுக்கு விளக்கம் சொல்ல ஆள் கிடையாது. மேடையில் பாடி, வகுப்பில் பேசினா, "இந்தப் பாட்டு எங்கே அழகு, எங்கே ஆபத்து" என்று நாங்க கத்துக்குவோம். துரத்துறதையும் மிரட்டுறதையும் காதல்னு சொல்ற எத்தனையோ பாட்டுக்கு நாம ஆண்டு விழாவில் டான்ஸ் ஆடியிருக்கோம். அதுக்கு வராத பயம் ஒரு கிதார் பாட்டுக்கு ஏன் வரணும்?

கோர்ட்டுக்குப் போன நிலா

தலைப்புக்கு வருகிறேன். இந்த நிலா யாருக்குச் சொந்தம்? இது நிஜமாகவே கோர்ட்டில் கேட்கப்பட்ட கேள்வி!

2025 பிப்ரவரியில் 'அகத்தியா' என்ற படம் வந்தது. அதில் இந்தப் பாட்டை மறுபடியும் உருவாக்கிச் சேர்த்திருந்தார்கள். இசை யுவன் சங்கர் ராஜா. தயாரித்த வேல்ஸ் நிறுவனம் இளையராஜாவிடம் அனுமதி வாங்கியிருந்தது. சரிகம நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1980-ல் 'மூடுபனி' தயாரிப்பாளரோடு போட்ட ஒப்பந்தப்படி உரிமை எங்களுடையது என்று வாதாடியது. (பழைய கிராமபோன் கம்பெனிதான் 2000-ல் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது.) 2025 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. உரிமை சரிகமவுக்கு இருப்பதாகவே முதல் பார்வையில் தெரிகிறது என்றது. அதே சமயம், 30 லட்சம் ரூபாய் டெபாசிட் கட்டிவிட்டுப் பாட்டைப் படத்தில் பயன்படுத்த அனுமதித்தது.

கம்பெனி, தயாரிப்பாளர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமையைப் பற்றிச் சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். உழைத்தவர்களுக்குக் கூலி போய்ச் சேரணும் என்பதில் துறைமுகத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளான நமக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நான் கவனித்தது வேற. 45 வருஷம் ஆன ஒரு பாட்டுக்காக இன்றைக்கும் இத்தனை பேர் கோர்ட் வாசலில் நிக்கிறாங்க. யாரும் கேட்காத பாட்டுக்கு யாராவது வக்கீல் வைப்பாங்களா? கேட்டுக் கேட்டு அதுக்கு விலை ஏத்தினது யாரு? ஜீரோ கேட்டில் நின்ன டிரைவர்களும், கேசட்டுக்கு லிஸ்ட் எழுதிக் கொடுத்த அக்காக்களும், சுருதி இல்லாத மாமாக்களும்தான்!

பத்திரத்தில் அவர்கள் பேர் இருக்காது. ஆனா பாட்டு உயிரோட இருக்கிறதுக்கு அவங்கதான் காரணம். அந்த அர்த்தத்தில் பொன் நிலா நமக்கும் சொந்தம். சொந்தம் என்றால் பொறுப்பும் சேர்ந்து வரும். அதை மறுபடியும் ஊட்டி பங்களாவுக்குள்ள கொண்டுபோய் அடைக்காமப் பார்த்துக்கிறது நம்ம பொறுப்பு.

முடிவாக மூணு வேண்டுகோள்

ஒன்று: தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் விழாக் குழு ஆசிரியர்களுக்கும். இந்த வருட ஆண்டு விழாவில் கானாவுக்கு ஒரு இடம், குத்துக்கு ஒரு இடம் இருக்கட்டும். கூடவே ஒரு கிதார், ஒரு குரல் மட்டும் உள்ள மெலடிக்கும் ஐந்து நிமிடம் தாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் கிதார் வாசிக்கத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். நான் விசாரித்துவிட்டேன்!

இரண்டு: பாட்டு பிடித்த நண்பர்களுக்கு. பாடுங்க, நல்லாப் பாடுங்க. பாடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பாருங்க: எதிரில் இருக்கிறவங்களுக்குப் போக வழி இருக்கா? இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு பஸ் வர்ற வரைக்கும் அமைதியா நில்லுங்க. அதுவும் மெலடிதான்.

மூன்று: போன மாதம் எழுதிய நண்பருக்கு. உங்கள் மேல் கோபம் எதுவும் இல்ல. இன்று ராத்திரி லைட்டை அணைச்சுட்டு இந்தப் பாட்டை ஒரு தடவை முழுசாக் கேளுங்க. தூக்கம் வந்தா என்கிட்ட சொல்லுங்க, ஒத்துக்கிறேன். வரலேன்னா அடுத்த மாத இதழில் எழுதுங்க.

மற்றவர்கள் உங்கள் கருத்தைக் கீழே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதலாம். பேனா நூலில் கட்டி இருக்கு. தயவுசெய்து பேனாவைக் கழட்டிக்கொண்டு போகாதீர்கள்!

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி